அலைன்மென்ட் கேள்வி-பதில்: பச்சை ரிப்போர்ட்டை நம்பலாமா?

90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது. சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் செய்தால் போகுமா?

போகாது. வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடைச் சமன்) பாருங்கள், ரிம் நெளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. ஏன்?

எப்போதிலிருந்து, டயரில் எவ்வளவு காற்று, எதுவுமே எழுதாமல் கேட்டால் எப்படி? முதலில் டயர் ஆறியிருக்கும்போது காற்றைச் சரிபாருங்கள். பிறகு முன் டயர்களை இடம் வலம் மாற்றி ஓட்டுங்கள் (ஒருதிசை டயருக்கு இது ஆகாது). இழுப்பு பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால் கேம்பரையும் (சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்த கோணம்) காஸ்டரையும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின் சாய்ந்த கோணம்) இரு பக்கமும் ஒப்பிடுங்கள். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. காஸ்டர் குறைந்த பக்கம்தான் வண்டி போகும்.

இரண்டு முறை அலைன்மென்ட் செய்தும் டயரின் உள்விளிம்பு தேய்கிறது. மெஷின் ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சை, அதாவது அளவு சரி.

இதே புகார் ஓயாமல் வருகிறது. நிற்கிற வண்டியில் எடுத்த அளவு அது. டை ராட் எண்டில் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) ஆட்டம் இருந்தால் ஓடும்போது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) விரிந்துவிடும்; லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் ரப்பர்) கிழிந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் சக்கரம் பின்னால் நகரும். ஆட்டத்தைப் பார்க்காமல் மெஷினில் ஏற்றுவது காசுக்குப் பிடித்த கேடு.

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து அசைத்தால் டை ராட் ஆட்டம் கையில் தட்டும். மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), பேரிங் ஆட்டம் தெரியும். தேய்ந்ததை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட்: காற்று, ரன்-அவுட் (ரிம் நெளிவுக்கான ஈடு), முதல் பிரின்ட் (திருத்துவதற்கு முன் அளவு), பின்சக்கரம், அப்புறம் முன்சக்கரம். டை ராடின் லாக் நட்டை இறுக்கிய பின் இன்னொரு பிரின்ட் கேட்டு வாங்குங்கள். இறுக்கும்போதே டோ நகர்ந்துவிடுவது உண்டு.

டயர் மேல் குறுக்காகக் கையை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவினால் வழுவழுப்பு, திருப்பித் தடவினால் ரம்பம் போல் கீறினால் டோ கோளாறு. ஒரு விளிம்பு மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தால் பெரும்பாலும் கேம்பர்.

வண்டி நேராக ஓடுகிறது, ஸ்டீயரிங் மட்டும் கோணல்.

ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்ட விடாதீர்கள். அதை நடுவில் பூட்டி, டை ராடை ஒரு பக்கம் நீட்டி, மறுபக்கம் அதே அளவு குறைக்க வேண்டும். ராக் பூட் (டை ராடின் உள்முனையை மூடும் ரப்பர் உறை) முறுக்கிக்கொள்ளாமல் அதன் கிளிப்பைத் தளர்த்துங்கள். அப்படியும் கோணினால் பின்னச்சின் திசையைப் பாருங்கள்.

மெஷின் இல்லாமல் கயிறு கட்டி அளந்து பார்க்கலாமா?

டோ மட்டும். காஸ்டர் கயிற்றில் தெரியாது.

எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை?

சுமார் 10,000. டை ராடோ லோயர் ஆர்மோ மாற்றினால் அன்றே. ஆட்டம் பார்த்த பிறகு!

அலைன்மென்ட் முடிந்ததும் ஈஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது.

பெரும்பாலும் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனரில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். செய்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோங்கள்.