தபால்காரர் பிரிக்காத கவர்: மெயில் வடிகட்டல் கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் கம்பெனிகளுக்கு மெயில் சர்வர் பார்ப்பவன் நான். மெயில் கம்பெனி நம் கடிதத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்து வடிகட்டலாமா, அதைக் கேளுங்கள். பிரிண்டர் கேள்வி வேண்டாம்.

ஆம்பூர், ஷூ கம்பெனி ஆபீஸ்: அண்ணா, இத்தாலிக்கு அனுப்பின விலைப்பட்டியல் ஸ்பாமுக்குப் போயிடுச்சாம். ‘ஸ்கின்’, ‘நியூட்’னு எழுதினதாலயா?

நம்ம ஊரில் ஸ்கின் என்றால் ஆட்டுத்தோல், நியூட் ஒரு கலர். மெஷினுக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் ஒரு சொல்லை மட்டும் வைத்துத் தள்ளுவதில்லை; அனுப்பியது யார் என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கும். உங்கள் டொமைனில் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) எஸ்பிஎஃப், அதாவது அந்தப் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல், டிகிம், அதாவது மெயில் மேல் குத்தும் டிஜிட்டல் முத்திரை, இருக்கிறதா? 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லாரிடமும் இரண்டில் ஒன்றாவது கேட்கிறது. ஒரு நாளில் 5000 மெயிலுக்கு மேல் போனால் இரண்டும் வேண்டும், கூடவே டிமார்க்கும் (அந்தச் சோதனையில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் குறிப்பு). போன மாசம் ஒரு டேனரியில் ஹெட்டரை (மெயில் வந்த வழியைச் சொல்லும் குறிப்பு) திறந்தால் ‘எஸ்பிஎஃப் ஃபெயில்’. சர்வரை வேறு இடத்துக்கு மாற்றியவர்கள் எஸ்பிஎஃப் பட்டியலில் பழைய சர்வரின் ஐபியை (முகவரி எண்) அப்படியே விட்டிருந்தார்கள். பாவம், ஸ்கின் மேல் பழி.

இன்னொன்று: பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது என்று மெயில் வந்தால் போன் போட்டுக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

காட்பாடி, கல்லூரி மாணவி: தனியார் கம்பெனி என் மெயிலைப் படிக்கலாமா சார்?

மெஷின் படிக்கிறதும்மா. 2004-ல் ஜிமெயில் வந்தபோதே விளம்பரம் காட்ட மெயிலை அலசியது. 2017-ல் அதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஸ்பாம், வைரஸ் தேடுவது இன்றும் உண்டு. அது வேண்டும் என்பேன். விஷம் தேடட்டும், கருத்தைத் தேட வேண்டாம்.

சத்துவாச்சாரி, ஓய்வுபெற்ற தபால்காரர்: தம்பி, 33 வருஷம் வேலூரில் தபால் கொடுத்தேன். ஒரு கவரைப் பிரிச்சதில்ல.

ஐயா, நீங்கள் பிரிக்கவில்லை. ஆனால் 1898 தபால் சட்டம் 26ஆம் பிரிவில் அரசுக்கு அந்த அதிகாரம் இருந்தது. 2023 சட்டமும் அதை விடவில்லை.

அதே தபால்காரர்: அதுக்கு மேலிருந்து உத்தரவு வரணும். எனக்கு விலாசம் போதும். உன் மெஷின் எல்லார் கவரையும் பிரிக்குதே!

பிரிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வெடிபொருளை நீங்களும் வாங்கமாட்டீர்களே?

அதே தபால்காரர்: கையில எடுத்தாலே சந்தேகம் வந்துடும், பிரிக்கவே வேணாம். அதைவிடு. பட்டுவாடா பண்ணாம ஒரு கடிதத்தைக் குப்பையில போட்டிருந்தா என் வேலை போயிருக்கும். உன் கம்பெனிக்கு?

அங்கேதான் பிடித்தீர்கள். 2006 ஏப்ரலில் ஏஓஎல் என்ற அமெரிக்க மெயில் கம்பெனி தன்னை எதிர்த்த ஒரு பிரசாரத்தின் இணைய முகவரி இருந்த மெயில்களைத் தடுத்தது. மென்பொருள் கோளாறு என்றார்கள். மெயில் அனுப்பியவருக்கே திரும்பி வந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. சத்தமில்லாமல் விழுங்கியிருந்தால் யாருக்குத் தெரியும்? அதனால் சந்தேகம் என்றால் ஸ்பாம் பெட்டியில் போடு, இல்லை திருப்பி அனுப்பு. விழுங்காதே.

அதே தபால்காரர்: அப்போ நான் சொன்னதுதானே!

பாதி, ஐயா.

வாணியம்பாடி: பாய், என் மெயில் ஸ்பாமுக்குப் போகுது.

ஆம்பூர்காரருக்குச் சொன்னதுதான்.

ராணிப்பேட்டை: என் மெயிலும் ஸ்பாம்ல...

மேலே பாருங்கள். உங்களுக்கு வருகிற ஸ்பாம் பெட்டியையும் வாரம் ஒருமுறை திறங்கள். ஜிமெயிலில் 30 நாளில் அழிந்துவிடும்.

குடியாத்தம்: புரோட்டான் மெயிலுக்கு மாறினா வடிகட்டலே இருக்காதா?

புரோட்டான் என்பது மெயிலைப் பூட்டி (என்கிரிப்ட் செய்து) வைக்கும் சேவை. புரோட்டானிலிருந்து புரோட்டானுக்குப் போவதை அவர்களாலேயே படிக்க முடியாது. வெளியிலிருந்து சாதாரணமாக வருவதை ஸ்பாம் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவார்கள்.

ஆரணி: சார், பிரிண்டர்...

இல்லை.

ஆம்பூர், ஷூ கம்பெனி ஆபீஸ்: அண்ணா, கெமிக்கல் சப்ளையர் அக்கவுன்ட் மாறிடுச்சுன்னு இப்பதான் மெயில் வந்திருக்கு. ஸ்பாம்ல இல்ல, இன்பாக்ஸ்லயே இருக்கு. அனுப்பிடலாமா?

நிறுத்துங்கள். சப்ளையரின் மெயிலுக்குள்ளேயே எவனாவது புகுந்திருந்தால் எந்த ஃபில்டரும் தடுக்காது. மெயிலில் இருக்கிற நம்பருக்கு அடிக்காதீர்கள், பழைய பில்லில் இருக்கிற நம்பரை எடுங்கள். பேசிவிட்டு இங்கே சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.