ஹங்கேரி 1956 – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹங்கேரி பற்றிய உங்கள் உரையில் 1956ஐ மக்கள் எழுச்சி என்றீர்கள். என் அப்பா வாழ்நாளெல்லாம் தொழிற்சங்கத்தில் இருந்தவர். அது அமெரிக்கா தூண்டிய எதிர்ப்புரட்சி, பழைய முதலாளிகள் திரும்பி வரச் செய்த சதி என்றே அவர் சொல்வார். எது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் அப்பா சொல்வது, எழுச்சியை சோவியத் படை நசுக்கிய பின் ஹங்கேரியை ஆண்ட யானோஷ் காதாரின் கம்யூனிஸ்ட் அரசு முப்பதாண்டுகளுக்கு மேல் சொல்லிவந்த பாடம். 1989 ஜனவரியில் அந்தக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர்களுள் ஒருவரான இம்ரே போஸ்கயியே வானொலியில் அதை மக்கள் எழுச்சி என்றார்.

1956 அக்டோபர் 23 அன்று மாணவர் ஊர்வலம் போனதும் ஸ்டாலின் சிலை வீழ்ந்ததும் நீங்கள் அறிந்தவை. தொழிற்சாலைகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். சில நாட்களிலேயே நாடெங்கும் தொழிலாளர் மன்றங்கள் முளைத்தன. அக்டோபர் 31இல் தலைநகர் புடாபெஸ்டில் கூடிய மன்றப் பிரதிநிதிகளின் முதல் தீர்மானம், தொழிற்சாலை தொழிலாளர்களுக்கே சொந்தம் என்பது. முதலாளியை அழைத்துவர நினைப்பவர்கள் இப்படியா எழுதுவார்கள்? ரஷ்யப் படை வெளியேற வேண்டும், பல கட்சிகள் போட்டியிடும் தேர்தல் வேண்டும் என்று கேட்டவர்களும் இவர்கள்தான்.

நவம்பர் 4இல் சோவியத் டாங்கிகள் தலைநகருக்குள் புகுந்தன. கடைசிவரை எதிர்த்து நின்ற இடங்களுள் ஒன்று செப்பெல். இரும்பாலைத் தொழிலாளர்களின் தீவு அது. 'சிவப்பு செப்பெல்' என்றே அதற்குப் பெயர். துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகும் வேலைநிறுத்தம் ஓயவில்லை. நவம்பர் 14இல் மாநகர் முழுமைக்கும் ஒரு மத்தியத் தொழிலாளர் மன்றம் அமைந்தது. விரைவிலேயே அதன் தலைவரான ஷாந்தோர் ராட்ஸ் 23 வயதுத் தொழிலாளி. டிசம்பர் 11 அன்று பேச்சுவார்த்தைக்கென்று நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அழைத்து, வந்தவரைக் கைது செய்தார்கள். பின்னர் ஆயுள் தண்டனை. சங்கத்தில் வாழ்ந்த உங்கள் அப்பாவுக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எழுச்சியாளர்களின் கையிலும் கறை உண்டு. அக்டோபர் 30இல் குடியரசுச் சதுக்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தைக் காத்து நின்று சரணடைந்தவர்களையும் கூட்டம் அடித்துக் கொன்றது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அமெரிக்கப் பணத்தில் இயங்கிய 'சுதந்திர ஐரோப்பா வானொலி' வராத உதவியை வரப்போவதுபோல் பேசியதும் கொடுமைதான். ஆனால் வெளியிலிருந்து ஒரு வானொலி பேசியதால் ஒரு நாடே வேலையை நிறுத்திவிடாது. ஹங்கேரியர் சுமார் 2,500 பேர் மாண்டார்கள். இரண்டு லட்சம் பேர் எல்லை கடந்தார்கள். எழுச்சியின்போது பிரதமராக இருந்த, வாழ்நாள் கம்யூனிஸ்டான இம்ரே நாடி 1958 ஜூன் 16இல் தூக்கிலிடப்பட்டார்.

நம் நாடும் அன்று தடுமாறியது. அதே நாட்களில் எகிப்தின் சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் நடத்திய தாக்குதலை உடனே கண்டித்த நேரு அரசு, ஹங்கேரியில் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடத்தக் கோரிய தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது. நேரு பிறகு கடுமையாகப் பேசினார் என்றாலும், அந்த வாக்கை என்னால் ஏற்க முடியவில்லை. புடாபெஸ்டில் இருந்த இந்தியத் தூதர் பொறுப்பாளர் எம்.ஏ. ரஹ்மான், சமரசம் தேடிய ஹங்கேரிய அறிவாளர்களின் திட்டத்தைப் பெற்றுக்கொண்டு துணைநின்றார் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.