தாவுல் ஓவியத்தைத் திருடியது யார்?

கேள்வி: பார்சிலோனாவில் உள்ள கட்டலோனிய தேசியக் கலை அருங்காட்சியகத்தில், மலைக் கிராமத் தேவாலயங்களின் சுவரோவியங்களை உரித்தெடுத்துக்கொண்டு வந்து வைத்திருக்கிறார்களாமே! நம் கோயில் சிலைகள் களவு போனதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அரசாங்கமே செய்துவிட்டால் அது திருட்டு இல்லையா? – ஒரு வாசகர், சேலம்.

பதில்: திருட்டு என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அந்தச் சுவர்களுக்கு முதலில் விலை பேசியது யார் என்று கேட்டிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

பைரனீஸ் மலைத் தொடருக்குத் தெற்கே மூர் என்று ஓர் இடம். அங்குள்ள சாந்தா மரியா தேவாலயத்தில், பீடத்துக்குப் பின்னால் அரைவட்டமாக வளைந்து நிற்கும் சுவர் முழுவதும் ஓவியம். 1919இல் லூயிஸ் பிளாந்தியூரா என்ற பார்சிலோனாச் செல்வந்தர் அதை விலைக்கு வாங்கினார். விற்றவர்கள் தேவாலயத்தார். தடுக்கச் சட்டம் இல்லை. இத்தாலியிலிருந்து கைதேர்ந்தவர்கள் வந்து உரித்தெடுத்தார்கள். 1921இல் அது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நூறாண்டு கடந்துவிட்டது, இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சேதி தெரிந்ததும் பார்சிலோனாவின் அருங்காட்சியக வாரியம் பதறியது. அந்தப் பள்ளத்தாக்குகளில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1907இலேயே புய்க் இ கடாஃபால்க் என்ற கட்டடக் கலைஞர் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு மலையேறி, தேவாலயம் தேவாலயமாகப் பார்த்துப் படமெடுத்து, நூலாகவும் வெளியிடத் தொடங்கியிருந்தது. ஆய்வாளர்கள் காட்டிக்கொடுத்த இடத்துக்கே வியாபாரிகளும் வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். எந்த நாட்டிலும் இதுதான் நடக்கிறது. வாரியம் என்ன செய்தது? மிச்சமிருந்த ஓவியங்களைப் பணம் கொடுத்து வாங்கியது. மூரில் வேலை செய்த அதே ஃபிராங்கோ ஸ்டெஃபனோனியையும் அவருடைய ஆட்களையும் அழைத்து, 1923க்குள் அவற்றைக் கீழே இறக்கியது. மூரில் உரித்த கைகளும், வாரியம் வாங்கிய ஓவியங்களில் புகழ்பெற்றது இருந்த தாவுல் என்ற மலைக் கிராமத்தில் உரித்த கைகளும் ஒன்றே. ஆனால் முன்னது கடல் கடந்து போயிற்று. பின்னது சொந்த மக்கள் போய்ப் பார்க்கும் தூரத்தில் நின்றது. எனக்கு இந்த வித்தியாசம் போதும். இரவில் கதவை உடைத்து, பொய்ப் பத்திரம் தயாரித்துச் சிலையைக் கப்பலேற்றியவனோடு இதை முடிச்சுப் போடாதீர்கள்.

உரித்த கைகள் என்றேன். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஓவியத்தின் மேல் பருத்தித் துணியை விரித்து, விலங்கு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சிய பசையைச் சூடாகப் பூசுவார்கள். பசை காயும்போது இறுகும், இறுகும்போது வண்ணப் படலத்தைச் சுவரிலிருந்து தன்னோடு இழுக்கும். உளியும் சுத்தியலும் கொண்டு கீழிருந்து மேலாக மெல்ல மெல்லக் கிளப்பினால் துணியோடு ஓவியம் வந்துவிடும். பிறகு சுருட்டி, கோவேறு கழுதை முதுகில் ஏற்றி மலையிறக்கம். பார்சிலோனாப் பட்டறையில் பின்பக்கம் சுண்ணாம்பும் பால்புரதமும் கலந்த பசையால் புதுத் துணி ஒட்டி, முன்பக்கத் துணியை வெந்நீரால் இளக்கி எடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் ஓவியம் மறுபடி முகம் காட்டும். இவ்வளவு நேரமும் அது முகம் மறைந்து, துணியோடு ஒட்டி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு பட்டறைத் தொழிலாளி வெந்நீரில் அவசரப்பட்டிருந்தால் இன்று நாம் பேச ஒன்றும் இருந்திருக்காது. காப்பாற்றியவர்களின் பெயரை ஓவியத்துக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் நான் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறேன். ‘வரைந்தவன் பெயரே தெரியாதபோது ஒட்டியவன் பெயர் எதற்கு’ என்று சிலர் விடாமல் எழுதுகிறார்கள். வரைந்தவன் பெயர் தெரியாமல் போனது நாம் அன்று எழுதிவைக்காததால்தான் ஐயா! அதே தப்பை இன்னொரு முறையும் செய்ய வேண்டுமா?

அந்த அருங்காட்சியகத்தில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. தேவாலயச் சுவரின் அதே வளைவில் மரச்சட்டம் கட்டி, அதன் உட்புறம் ஓவியத்தைப் பதித்திருக்கிறார்கள். சுற்றிக்கொண்டு பின்னால் போனால் சட்டத்தின் கட்டைகளும் விலா எலும்புகளும் மறைப்பின்றித் தெரியும். இது சுவர் இல்லை, சுவரிலிருந்து வந்தது என்று மறைக்காமல் சொல்லும் நேர்மை அது. மொன்ஜுயிக் குன்றின் மேல் 1929 கண்காட்சிக்காகக் கட்டிய பிரம்மாண்டமான மாளிகை அது. அதன் குவிமாடமும் படிக்கட்டும் என்னை அசைக்கவில்லை. 1934 முதல் இந்த ஓவியங்கள் அங்கே இருப்பதுதான் அந்தக் கட்டடத்துக்குப் பெருமை.

தாவுல் கிராமத்து சான்ட் கிளிமென்ட் தேவாலயத்தின் கிறிஸ்துவைப் பலரும் படத்தில் பார்த்திருப்பார்கள். நீண்ட முகம், நம்மையே நோக்கும் கண்கள், ‘நானே உலகின் ஒளி’ என்று லத்தீனில் எழுதிய திறந்த புத்தகம். பின்னணி நீலம் தூரதேசத்துச் சரக்கு அல்ல. பைரனீஸ் மலையிலேயே கிடைக்கும் ஏரினைட் என்ற கல்லை அரைத்த வண்ணம். எல்லோரும் அந்த முகத்தின் முன்னே நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். கண்ணைக் கொஞ்சம் திருப்பினால் வளைவில் பணக்காரன் வீட்டு வாசலில், பைபிள் கதையில் வரும் ஏழை லாசர் கிடக்கிறான். உடம்பெல்லாம் புண். ஒரு நாய் வந்து அந்தப் புண்ணை நக்குகிறது. மெலிந்து நீண்ட நாய். உலகை ஆளுகிறவருக்குக் கொடுத்த அதே உறுதியான கோட்டை அந்த ஓவியன் ஒரு தெருநாய்க்கும் கொடுத்திருக்கிறான். இதற்காக ஒரு நாளை ஒதுக்கலாம்.

கிராமத்துக்கு என்ன மிஞ்சியது என்று நீங்கள் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. நெடுங்காலம் ஒரு நகலை மாட்டிவைத்து ஒப்பேற்றினார்கள். அதை அகற்றிவிட்டு, 2013 முதல் வெற்றுச் சுவரின் மேலேயே ஒளிக்கற்றையால் பழைய ஓவியத்தை விழச் செய்கிறார்கள். கோடு கோடாக, நிறம் நிறமாக அது சுவரில் நிரம்பி வருகிறது. உரித்தபோது தப்பிய சில துண்டுகளும் அங்கேயே இருக்கின்றன. அந்தப் பள்ளத்தாக்கின் 9 தேவாலயங்களை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கிராமத்துக்குக் கடன் தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. தாவுல் பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சொத்தைப் பார்க்கப் போகும் பயணச் செலவை பார்சிலோனா ஏற்க வேண்டும் என்பது என் கட்சி.

பிளாந்தியூரா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1932இல் அவருடைய கலைச் சேகரிப்பை அரசுத் தரப்பே பெருந்தொகை கொடுத்து வாங்கியது. மூர் ஓவியத்தை வெளியே அனுப்பியவர் கையிலேயே பொதுப்பணம் போய்ச் சேர்ந்தது. திருட்டு என்ற உங்கள் கோபத்தை அங்கே திருப்புங்கள், நானும் கூட நிற்கிறேன்.

இதே அருங்காட்சியகத்தில் இன்னொரு வழக்கு இருக்கிறது, அதைத் தாவுலோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. ஸ்பெயினில் கட்டலோனியாவை அடுத்துள்ள அரகோன் பகுதியில் சிஹேனா என்ற கன்னியர் மடம். 1188இல் சாஞ்சா அரசி நிறுவியது. 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் அதற்குத் தீ வைத்தார்கள். சுமார் 1200ஆம் ஆண்டின் ஓவியங்கள் நிறமிழந்து கருகின. ஜுசெப் குடியோல் என்பவர் எரிந்தது போக மிஞ்சியதை உரித்து பார்சிலோனாவுக்குக் கொண்டுவந்தார். அவர் போகாவிட்டால் மழையும் பனியும் மீதியை முடித்திருக்கும். அரகோன் தன்னுடையதைத் திருப்பிக் கேட்டது, ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் அரகோன் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அசைத்தால் உதிர்ந்துவிடும் என்கிறது அருங்காட்சியகம்.

இங்கே விற்பனையும் இல்லை, விலையும் இல்லை. தீயிலிருந்து எடுத்ததால் ஒருவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். ஓவியம் சிஹேனாவுக்கு உரியது என்பதை நான் ஏற்கிறேன். அதற்காக இதைக் கட்டலோனியாவா அரகோனா என்ற சண்டையாக்காதீர்கள். தாவுல் தேவாலயத்தை 1123 டிசம்பரில் அபிஷேகம் செய்தவரே இன்றைய அரகோனுக்குள் இருக்கும் ரோடாவின் ஆயர்தான். அந்தச் சுவர்களில் இன்றைய எல்லைக்கோட்டைத் தேடி இரு தரப்பும் கொடி பிடிப்பது வீண். ஆனால் எப்போது, எப்படி, எந்தப் பகுதியை முதலில் நகர்த்துவது என்பதை வழக்கறிஞர்கள் முடிவு செய்யக் கூடாது. எரிந்த வண்ணத்தை விரல் நுனியால் அறிந்தவர்கள் இரு தரப்பிலும் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாகப் பார்த்து, எழுத்து மூலம் பொறுப்பேற்றுச் சொல்ல வேண்டும். அவர்கள் நகர்த்தலாம் என்றால் மறுநாளே வண்டி கிளம்பட்டும். கூடாது என்றால் அரகோனின் சொத்து என்ற பலகையோடு அது பார்சிலோனாவிலேயே இருக்கட்டும்.