தண்டவாளப் பாடம் எடுக்கும் தன்னார்வலர்கள்

கேள்வி: அமெரிக்காவில் ரயில்வே கிராசிங் பாதுகாப்பை சாதாரண ஜனங்களே ஊர் ஊராகப் போய்ச் சொல்லித்தருகிறார்களாமே, என்னதான் சொல்வார்கள்?

பதில்: ஆமாம், 1972-ல் ஐடஹோ மாநிலத்தில் ஆரம்பித்த 'ஆபரேஷன் லைஃப்சேவர்' என்ற அமைப்பு தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறது. பள்ளிப் பிள்ளைகள், ஸ்கூல் பஸ் டிரைவர்கள், லாரி ஓட்டுபவர்கள் என்று யார் கூப்பிட்டாலும் போய் இலவசமாக வகுப்பெடுக்கிறார்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் நீளமான சரக்கு ரயில், பிரேக் போட்ட பிறகும் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடித்தான் நிற்கும் என்பது அதில் முக்கியமான பாடம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. கிராசிங் கம்பத்தில் சின்னதாக ஒரு நீலப் பலகை இருக்கும், அதில் அந்த கிராசிங்கின் எண்ணும் ஒரு அவசர போன் நம்பரும் எழுதியிருக்கும். கார் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டால் காரை விட்டுவிட்டு எல்லோரும் உடனே இறங்கி ஓட வேண்டும், அப்புறம்தான் போன். ரயில் வருகிறதென்றால், தண்டவாளத்தை விட்டு விலகி, ரயில் வரும் திசைப்பக்கமாகவே சாய்வாக ஓட வேண்டும். எதிர்ப்பக்கம் ஓடினால் மோதலில் சிதறும் காரின் துண்டுகள் நம் மேலேயே வந்து விழும். இதை ஒரு குழந்தைக்காவது இன்றே சொல்லிக்கொடுங்களேன்!