வீடியோவில் வெட்டிவிட்ட இடம்: கைவேலை பழகுபவர்களுக்குக் கேள்வி பதில்

இலங்கையின் வடக்கே விசுவமடுவில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. சண்டை முடிந்து 2010இல் ஊருக்குத் திரும்பியபோது கையில் மிஞ்சியது ஒரு கால்மிதி மெசின்தான், அதுவும் ஓடாது. திருத்துவதற்கு ஆள் கிடைக்கவில்லை. சில வருடம் கழித்துப் போன் வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்து அதை நானே கழற்றிப் பூட்டினேன். அதன் பிறகு ஊரவர்களின் மெசின், அப்புறம் வோட்டர் பம் என்று வேலை கூடிவிட்டது. சின்னச் சின்ன வீடியோ பார்த்துக் கைவேலை பழகுகிற பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். தெரிந்ததை எழுதுகிறேன்.

தருமபுரத்திலிருந்து ஒரு தங்கச்சி: அக்கா, அம்மாவின் பழைய கை மெசினுக்கு ஊசி மாற்றினேன். ஒரு நிமிட வீடியோவில் காட்டியபடியேதான் செய்தேன். ஒரு தையல் விழுந்தால் மூன்று விடுபடுகிறது, நூலும் அறுகிறது. மெசின் பழுதா?

மெசினில் பிழை இராது தங்கச்சி. ஊசியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். தலைப்பக்கம் ஒரு புறம் தட்டையாக இருக்கும். அதற்கு எதிர்ப்புறத்தில் தலையிலிருந்து கண் வரைக்கும் ஒரு நீளப் பள்ளம் ஓடும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் நகத்தால் வருடிப் பாருங்கள், தட்டுப்படும். ஊசி கீழே இறங்கும்போது நூல் அந்தப் பள்ளத்துக்குள் பதுங்கித்தான் துணிக்குள் போகிறது. அதனால் பள்ளம் உள்ள பக்கத்தால் கோர்த்து, தட்டைப் பக்கத்தால் நூலை வெளியே இழுக்க வேண்டும். தட்டைப் பக்கத்தில்தான் கீழிருக்கும் கொக்கி வந்து நூலைப் பிடிக்கும்.

நீங்கள் பார்த்தது அநேகமாகப் புதிய மெசின் வீடியோவாக இருக்கும். அதில் தட்டைப் பக்கம் பின்னுக்கு இருக்கும், நூல் முன்னாலிருந்து போகும். பழைய மெசின் பலவற்றில் ஊசி பக்கவாட்டைப் பார்த்து நிற்கும். எந்தப் பக்கம் என்பது மெசினுக்கு மெசின் மாறும். அடித்தட்டைத் திறந்துவிட்டுச் சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கொக்கி ஊசியின் எந்தப் பக்கத்தால் கடந்து போகிறதோ அந்தப் பக்கத்துக்குத் தட்டை வர வேண்டும். ஊசி மேலே முட்டும் மட்டும் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். செய்துவிட்டு எழுதுங்கள்.

கிளிநொச்சி, வங்கியில் வேலை செய்பவர்: நான் நூற்றுக்கு மேல் வீடியோ சேமித்து வைத்திருக்கிறேன். மரவேலை, தோட்டம், கேக், கிற்றார். பார்க்கும்போது எல்லாம் பிடிபட்ட மாதிரி இருக்கும். தொடங்கினால் கை வராது. எனக்கு மட்டுமா இப்படி?

இல்லை அண்ணா, எல்லாருக்கும் அப்படித்தான். 2018இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்டாஸ், எட் ஓபிரையன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். மேசையில் பாத்திரங்கள் இருக்க, விரிப்பை மட்டும் உருவி எடுக்கிற வித்தையின் வீடியோவைச் சிலருக்கு ஒரு தடவையும் சிலருக்கு 20 தடவையும் காட்டினார்கள். 20 தடவை பார்த்தவர்களுக்குத் தங்களாலும் செய்ய முடியும் என்ற நம்பிக்கை கூடியிருந்தது. அம்பு எறிவது போன்றவற்றில் உண்மையாகவே செய்ய விட்டுப் பார்த்தால், அதிகம் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடத் திறமாக ஒன்றும் செய்யவில்லை. இன்னொரு சோதனையில் மேலே எறிந்து பிடிக்கிற கட்டைகளைச் சும்மா கையில் பிடித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். பாரம் கையில் ஏறியதும் அந்த வீண் நம்பிக்கை இறங்கிவிட்டது.

அதனால் சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு பார்க்கத் தொடங்குங்கள். கிற்றாரை மடியில் வைக்காமல் கிற்றார் வீடியோ பார்க்க வேண்டாம். சேமித்ததில் ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு கிழமைக்கு அது மட்டும்தான் என்று இருங்கள். திரையின் இடப்பக்கத்தை இரண்டு தரம் தட்டினால் யூடியூபில் 10 விநாடி பின்னால் போகும். வேகத்தை 0.5 ஆக்கலாம். பத்து விநாடி பார்ப்பது, நிறுத்துவது, கையால் செய்வது, திரும்ப அதே பத்து விநாடி. நான் தையல் மெசினின் பொபின் கேஸ், அதாவது அடிநூல் உருளை இருக்கிற கூடு, கழற்றப் பழகியது இப்படித்தான். அந்த ஒரு துண்டு வீடியோவுக்கே இரண்டு இரவு போனது.

மல்லாவி, விவசாயி: தங்கச்சி, எங்களுக்கு வைக்கலுக்குப் பஞ்சமில்லை. சிப்பிக் காளான் வளர்க்க வீடியோ பார்த்துப் பத்துப் பை கட்டினேன். ஏழில் பச்சைப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வீடியோவில் எல்லாம் வெள்ளையாக வந்ததே?

அண்ணா, அந்த வீடியோவில் வைக்கலை அவிக்கிற இடம் எத்தனை விநாடி வந்தது என்று திரும்பிப் பாருங்கள். நாலோ ஐந்தோ விநாடிதான் இருக்கும். உண்மையில் இரவு முழுக்க ஊற வேண்டும், பிறகு சுடுநீரில் ஒரு மணித்தியாலமாவது இருக்க வேண்டும், பிறகு நிழலில் ஈரம் வடிய வேண்டும். எனக்கு வீடியோ பார்த்துப் படிந்த பழக்கம் ஒன்று உண்டு. படம் எங்கே வெட்டுப்பட்டு அடுத்ததற்குத் தாவுகிறதோ, அங்கே நிறுத்தி "இதற்கிடையில் எவ்வளவு நேரம் போயிருக்கும்" என்று கேட்பேன். அவர்கள் களவு செய்யவில்லை. ஒரு மணித்தியாலம் கிடாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இராது, அதனால் வெட்டிவிடுகிறார்கள். ஆனால் காளான் வேலையில் பாதி அந்த வெட்டுக்குள்தான் இருக்கிறது.

ஈரத்துக்கு ஒரு கைக்கணக்கு: அவித்த வைக்கலை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். உள்ளங்கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் பூஞ்சணத்துக்கு நீங்களே பாய் விரித்துக் கொடுத்த மாதிரி. கெட்ட ஏழு பைகளையும் கொட்டிலுக்குத் தூரமாகக் கொண்டுபோய்ப் புதையுங்கள், பக்கத்தில் வைத்துக் கிளற வேண்டாம். அடுத்த தடவையை மாரியில் தொடங்குங்கள். சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் கொட்டிலுக்குள் ஈரம் நிற்காது, புதிதாகப் பழகுபவருக்கு அது கஷ்டம். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்தும் கேட்கலாம், அவர்கள் பதில் சொல்வார்கள்.

முள்ளியவளை, உயர்தர மாணவி: குரோஷே பின்னப் பழகுகிறேன். ஒரே பூவுக்கு இரண்டு வீடியோவில் பார்த்தால் இரண்டு அளவு வருகிறது. தையலின் பெயர் ஒன்றுதான்.

பெயர் ஒன்றுதான், தையல் வேறு. அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பதைப் பிரித்தானியர் டபிள் குரோஷே என்பார்கள். அமெரிக்கரின் டபிள், அவர்களுக்கு ட்ரெபிள். சிங்கிள் என்ற சொல் வந்தால் அது அமெரிக்கக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை விட்டுவிட்டு, நூலை ஊசியில் எத்தனை தரம் சுற்றுகிறார்கள் என்று எண்ணுங்கள். குழப்பம் வராது.

புதுக்குடியிருப்பு, 16 வயது: அக்கா, அலுமினிய டின் உருக்கி மண் அச்சில் ஊற்றிச் சாமான் செய்கிற வீடியோ பார்த்தேன். எங்கள் காணியில் பழைய இரும்பும் அலுமினியமும் நிறையக் கிடக்கிறது. வளவுக்குள் கிடங்கு வெட்டி உலை போடலாமா?

வேண்டாம் தம்பி. இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், முழுதாக வாசி.

அந்த வீடியோ எடுத்தவர் கடையில் வாங்கிக் குடித்த டின்னை உருக்குகிறார். அவருடைய மண்ணில் சண்டை நடக்கவில்லை. எங்கள் மண்ணில் நடந்தது. 2009இல் சண்டை முடிந்து இவ்வளவு காலமாகியும் மிதிவெடி அகற்றுபவர்கள் இந்தப் பக்கத்தில் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். மண்ணுக்குள்ளிருந்து வருகிற உலோகத் துண்டு எதுவானாலும் அது வெறும் இரும்பா, உள்ளே வெடிமருந்து இருக்கிற சாமானா என்று பார்த்துச் சொல்ல உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது. கறள் பிடித்தால் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். நாங்கள் திரும்பி வந்த வருடம் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் செத்தை கூட்டிக் கொளுத்தினார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். சத்தம் கேட்டு ஓடிப் போனோம். தெய்வாதீனமாக எல்லாரும் கிணற்றடியில் நின்றிருந்தார்கள். நெருப்பு மூட்டிய இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது. அன்றிலிருந்து நான் தெரியாத உலோகத்தை நெருப்பிடம் கொண்டு போனதில்லை.

கிடங்கு வெட்டும்போது சந்தேகமான ஏதாவது தெரிந்தால் தொடாதே, தட்டாதே, வந்த அடியாலேயே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்லி பொலிசின் 119க்கு எடுக்கச் சொல். பழைய இரும்புக்காரர் கிலோவுக்கு என்ன தருவார் என்று யோசிக்கவே வேண்டாம்.

டின்னே உருக்கினாலும் ஆபத்து இருக்கிறது. அலுமினியம் உருகுவது 660 பாகை செல்சியஸில். அச்சு மண்ணில் ஈரம் கூடினால் அது ஆவியாகிக் குழம்பை முகத்துக்கு எறியும். ஆனால் உன் ஆசை நல்ல ஆசை, அதை விட வேண்டாம். அச்சுப் பிடிக்கிற வேலையை மெழுகில் பழகு. ஈர மணலை ஒரு தாச்சியில் அமத்தி, பொம்மையையோ பூட்டையோ பதித்து எடுத்துவிட்டு, மெழுகை ஊற்று. மெழுகை நேரே அடுப்பில் வைக்காமல், கொதிநீர்ச் சட்டிக்குள் ஒரு பேணியை இறக்கி அதற்குள் உருக்கு. மணல் எவ்வளவு ஈரமாக இருந்தால் ஓரம் இடியாமல் நிற்கும் என்பதை அதில் கற்றுக்கொள்ளலாம். பெரிதாகச் செய்ய வேண்டுமென்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. பாடசாலை முடித்ததும் அங்கே என்னென்ன பாடநெறி இருக்கிறது என்று போய்க் கேள்.

மாங்குளம், மேசன் வேலை செய்பவர்: வீட்டு வயறிங் வீடியோ பார்த்துப் பழகுகிறேன். ஆங்கில வீடியோக்கள்தான் விளக்கமாக இருக்கின்றன. எவ்வளவு தூரம் நம்பலாம்?

அமெரிக்க வீடியோ என்றால் மூடிவிடுங்கள். அவர்களுக்குக் கரண்ட் வருகிற வயர் கறுப்பு, நியூட்ரல் வெள்ளை. எங்கள் பழைய வீடுகளில் கறுப்புத்தான் நியூட்ரல், கரண்ட் வருவது சிவப்பில். புதிய வயரில் பிறவுண் லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் சேர்ந்தது ஏர்த். நிறத்தை மாறி நினைத்துக் கை வைத்தால் 230 வோல்ட் இரண்டாவது சந்தர்ப்பம் தராது. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்ற துணிவும் வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் ஆளோடு நின்று பழகுங்கள் அண்ணா. வேலை கைக்கு வந்த பிறகு, முன்கற்றல் அங்கீகாரம் என்ற முறையில் செய்து காட்டி என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும் எடுக்கலாம். மேசன் வேலைக்கும் அப்படி எடுக்கலாம், இப்போதே விசாரியுங்கள்.

நெடுங்கேணி: இரண்டு இஞ்சி வோட்டர் பம் ஆவணியில் தண்ணீர் இழுக்கவில்லை. வீடியோவில் சீல் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், பலனில்லை.

முதலில் கயிற்றில் கல் கட்டி, பம்மிலிருந்து தண்ணீர் மட்டம் வரை எத்தனை அடி என்று அளவுங்கள். பம் தண்ணீரை உறிஞ்சுவதில்லை, வெளிக்காற்றின் அமுக்கம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதனால் கணக்குப்படி 34 அடிக்கு மேல் எந்தப் பம்மாலும் இழுக்க முடியாது, நடைமுறையில் 25 அடியோடு களைத்துவிடும். கோடையில் மட்டம் அதற்குக் கீழே போயிருந்தால் எந்தச் சீல் மாற்றியும் வேலையில்லை. ஆழம் சரியென்றால் பைப்பின் அடி நுனியில் இருக்கிற புட்வால்வைப் பாருங்கள். பைப்பை நிறைத்துவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள், மட்டம் இறங்கினால் அதுதான் ஓட்டை.

எண்ணெயில் ஓடுகிற மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி வைக்கிற வீடியோவும் சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு கிணற்றுக்குள் தங்கிவிடும், அதற்கு மணம் இல்லை. இறங்கியவரைத் தூக்க இறங்குபவரும் வரமாட்டார்.

பூநகரி, இரண்டு பிள்ளைகளின் தாய்: வீட்டைச் சுற்றிப் பனை. ஓலைப்பெட்டி பின்னிக் கொஞ்சம் உழைக்கலாம் என்று வீடியோ பார்க்கிறேன். மடிக்கிற இடத்தில் ஓலை வெடிக்கிறது. மூலை திருப்புவதும் விளங்கவில்லை.

வீடியோ வார்ந்து வைத்த ஓலையிலிருந்து தொடங்குகிறது, அதுதான் காரணம். குருத்தோலை வெட்டி, வெயிலில் வெளுக்கக் காய வைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார வேண்டும். காய்ந்த ஓலையை அப்படியே மடித்தால் வெடிக்கத்தான் செய்யும். இரவு பனியில் போட்டுவிட்டு விடியப் பின்னுங்கள், அல்லது ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். விரலில் சுற்றினால் சத்தம் போடாமல் வளைய வேண்டும்.

மூலை விளங்காததற்கு வேறு காரணம். பின்னுபவரை எதிரே வைத்துப் படம் பிடித்திருப்பார்கள். அவருடைய வலது உங்களுக்கு இடதாகத் தெரியும். நேர் பின்னலில் சமாளிக்கலாம், மூலையில் மூளை குழம்பிவிடும். பூநகரியில் கடகம் இழைத்த ஆச்சிமார் இன்னும் இருப்பார்கள். வெற்றிலை கொண்டு போய்ப் பக்கத்தில் இருங்கள், போனையும் கொண்டு போங்கள். ஆச்சியின் வலத்தோளுக்கு மேலாக வைத்து, கை இரண்டும் தெரிய, வெட்டாமல் முழுதாக எடுங்கள். முகம் வரத் தேவையில்லை. இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு அதைப் பார்த்துப் பின்னலாம், டேட்டாவும் செலவாகாது. ஆச்சி சம்மதித்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், நானும் கடகம் பழக வேண்டும் என்று கன நாளாக நினைத்திருக்கிறேன்.

தருமபுரம் தங்கச்சி, மறுபடியும்: அக்கா, தட்டைப் பக்கம் மாறித்தான் இருந்தது. திருப்பிப் பூட்டினேன், தையல் விடுபடவில்லை! ஆனால் இப்போது துணியின் அடிப்பக்கம் நூல் கூடு மாதிரிச் சுருண்டு நிற்கிறது. பொபினை மாற்றவா?

பொபினைத் தொட வேண்டாம். கீழே சுருண்டால் குற்றம் மேல்நூலில். பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு கோர்த்திருப்பீர்கள், அப்போது மேல்நூலை அமத்திப் பிடிக்கிற டென்சன் தட்டு இரண்டும் இறுகியிருக்கும், நூல் இடையில் இறங்காமல் மேலோடு நிற்கும். நூலை முழுதாக உருவிவிட்டுப் பாதத்தைத் தூக்கி, முதலிலிருந்து கோர்த்து வாருங்கள். பாதத்தை இறக்கி நூலை மெதுவாக இழுத்தால் விரலில் ஒரு பிடிப்புத் தெரிய வேண்டும். தெரிந்தால், அம்மாவின் சாறியில் வேண்டாம், பழைய துணியில் ஒரு முழம் ஓட்டிப் பாருங்கள்.