கல்லின் மேல் சாக்பீஸ் – கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா,

குடும்பத்தோடு டப்ளினில் இருக்கிறேன். சென்ற வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு மொனாஸ்டர்பாய்ஸ் என்ற பழைய மடத்துக்குப் போய், அங்கே நிற்கும் முயிரெடாக் சிலுவை என்ற கற்சிலுவையைப் பார்த்தோம். அடியில் செதுக்கியிருக்கும் இரண்டு பூனைகளைச் சுற்றி ஏதோ எழுதியிருக்கிறது. ‘யார் பேருப்பா?’ என்று மகள் கேட்டாள். எழுத்து சரியாகத் தெரியாததால் சாக்பீஸை லேசாகத் தேய்த்துப் படம் எடுத்தேன், இணைத்திருக்கிறேன். என் கேள்வி இது: சிலுவைத் தலையைச் சுற்றியிருக்கும் வளையம் பழைய சூரிய வழிபாட்டின் மிச்சம் என்கிறார்களே, உண்மையா? க்ளான்மக்னாய்ஸ் என்ற இன்னொரு பழைய மடத்தில் வெளியே நிற்கும் சிலுவைகள் நகல்கள் என்று தெரிந்ததும் ஏமாற்றமாகிவிட்டது.

ர.

அன்புள்ள ர.,

வளையத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சூரிய வழிபாட்டுக்குச் சான்று எதுவும் கிடையாது. ஸ்காட்லாந்தின் ஐயோனா தீவில் உள்ள புனித ஜான் சிலுவையின் கைகள் 2 மீட்டருக்கு மேல் அகலமானவை. முதலில் வளையமின்றி நின்ற அது உடைந்தபின், கைகளைத் தாங்கவே வளையத் துண்டுகள் சேர்க்கப்பட்டன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வளையம் போன்ற வெற்றி மாலைக்குள் கிறிஸ்துவின் அடையாளத்தைப் பொறிப்பதும் 4ஆம் நூற்றாண்டிலிருந்தே உள்ள வழக்கம். இதற்கு மேல் சூரியனை இழுக்கத் தேவையில்லை.

உங்கள் மகள் கேட்டதுதான் நல்ல கேள்வி. ‘இந்தச் சிலுவையைச் செய்வித்த முயிரெடாக்குக்காக ஒரு வேண்டுதல்’ என்பது பூனைகளைச் சுற்றியுள்ள எழுத்தின் பொருள். 923இல் இறந்த மடத்தலைவர் அவர் என்று பலர் கொள்கிறார்கள். குழந்தையிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் அவளுக்குப் பதில் சொல்ல நீங்கள் செய்த காரியம் மோசமானது. லேசாகத் தேய்த்தேன் என்கிறீர்கள். அந்தக் கல்லுக்கு லேசு என்று ஒன்று இல்லை.

அது மணற்கல். குவார்ட்ஸ் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதுதான் அதன் உடம்பு. ஆயிரம் வருடத்துக்கும் மேலான மழையும் உறைபனியும் மேற்பரப்பில் அந்தப் பிடிப்பைத் தளர்த்திவிட்டன. சாக்பீஸால் உரசும்போது மணிகள் உதிர்கின்றன. சாக்பீஸ் என்பது ஜிப்சம், அல்லது சுண்ணாம்புக் கார்பனேட். அதன் தூள் நுண்துளைகளில் இறங்குகிறது. மழையில் கொஞ்சம் கரைந்து, காய்ந்ததும் உள்ளேயே மறுபடி படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும், அதனால் கல்லின் தோல் செதில் செதிலாகப் பெயரும். வெள்ளையைப் போக்க யாராவது பிரஷ்ஷோடு வந்தால் மிச்ச மணிகளும் போகும்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. கோடு எங்கே இருக்கிறது என்று நீங்கள் நினைத்தீர்களோ அங்கே வெள்ளையடிக்கிறீர்கள். உங்கள் படத்தில் ஓர் எழுத்தின் வாலாக இழுத்திருப்பது கற்பாசித் திட்டின் விளிம்பு. நாளை வேறொருவர் அந்தப் படத்தைப் பார்த்து அதையே எழுத்தாகப் படிப்பார். தேய்ந்த கல்வெட்டுகளில் பல தவறான வாசிப்புகள் இப்படித்தான் நிலைத்துப்போகின்றன. கல்லில் இருப்பதைப் பார்க்க வேண்டும், நாம் எழுதியதைக் கல்லில் பார்க்கக் கூடாது!

பார்க்கும் வழி வெளிச்சம். எழுத்து இருப்பது மேற்கு முகத்தில். அயர்லாந்தில் கோடையில் கடிகாரம் ஒன்றரை காட்டும்போதுதான் சூரியன் நேர் தெற்கே இருக்கும். அதற்குச் சற்றுப் பிறகு வெயில் அந்த முகத்தின் மேல் வலப்புறமிருந்து சரிந்து உரசிக்கொண்டு போகும். ஒரு மில்லிமீட்டர் மேடுபள்ளத்துக்கும் நிழல் விழுவது அப்போதுதான். சாயங்காலம் போனால் வெயில் நேராக முகத்தில் அடித்து எல்லாம் தட்டையாகிவிடும். பலரும் அந்த நேரத்தில் போய்விட்டு ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று திரும்புகிறார்கள். பூனைகளுக்கு மேலே உள்ள பலகத்தில், வாளேந்திய இரண்டு வீரர்களுக்கு நடுவில் நிற்கும் கிறிஸ்துவின் தோளில் ஒரு வட்ட ஊசிப்பதக்கம் இருக்கிறது. அந்தச் சரிந்த வெயிலில் அது தனியாக எழுந்து நிற்கும்.

மேகமாக இருந்தால் ஒரு கறுப்புக் குடையும் டார்ச்சும் போதும். குடையால் பகல் வெளிச்சத்தை மறையுங்கள். கேமராவை முக்காலியில் அசையாமல் வைத்து, டார்ச்சைக் கல்லுக்கு 10, 15 டிகிரி சாய்வில், தொடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த வேலையை மகளிடமே கொடுக்கலாம். வலம், இடம், மேல், கீழ் என்று நான்கு பக்கமும் ஒவ்வொரு படம் எடுக்க வேண்டும். ஒரே படத்தை நம்பாதீர்கள். வெளிச்சம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில் உள்ள கோட்டுக்கு நிழல் விழாது, அது மறைந்துவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் நெட்டுக்கோடு தெரியும், படுக்கைக் கோடு போய்விடும். மேலிருந்து காட்டினால் படுக்கைக் கோடு வரும். நான்கையும் அருகருகே வைத்தால் எது வெட்டு, எது வெடிப்பு, எது பாசி என்று பிரிக்கலாம். காகிதத்தை வைத்துக் கரி தேய்ப்பதும் கூடாது.

க்ளான்மக்னாய்ஸ் ஏமாற்றம் என்கிறீர்கள். அங்கே 4 மீட்டர் உயரமுள்ள வேதாகமச் சிலுவையையும் மற்ற இரண்டையும் 1990களின் தொடக்கத்தில் பக்கத்துக் கட்டடத்துக்குள் கொண்டுபோனதால்தான் அவற்றுக்கு மேலும் மழைச் சேதம் இல்லை. 916இல் இறந்த மன்னர் ஃப்ளான் பெயரைத் தேடிப் படிக்க வேதாகமச் சிலுவையில் தேய்ந்த எழுத்துகளாவது மிஞ்சியிருக்கின்றன. வெளியே நிற்கும் நகல் இடத்தைக் காட்டுவதற்கு. உள்ளே போய்ப் பார்த்திருக்கலாமே?

தேய்த்த சாக்பீஸைக் கழுவ நீங்களே திரும்பிப் போகாதீர்கள். தண்ணீர், பிரஷ், சோப்பு எதுவும் வேண்டாம். எந்த நாள், எந்த முகம், எவ்வளவு பரப்பு என்று குறித்து, படத்தோடு அயர்லாந்து அரசின் தேசிய நினைவுச்சின்னத் துறைக்கு எழுதுங்கள். வேறு எங்கும் அந்தப் படத்தைப் போடாதீர்கள். நான் இங்கே அதை வெளியிடவில்லை.