சோளகம் வீசும் மாதத்தில் எங்கே சுழியோடுவது?

அன்பின் எழுத்தாளருக்கு,

வணக்கம். கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். கனடாவில் இருக்கும் அண்ணாவின் குடும்பம் ஓகஸ்ட் நடுவில் பத்து நாள் லீவில் வருகிறது. அண்ணாவின் மகனுக்கு 14 வயது. சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்க வேண்டும் என்று அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கும் ஆசைதான். ஆனால் கீரிமலைக் கேணியில் நீந்தியதைத் தவிர வேறு அனுபவம் இல்லை. நெடுந்தீவுப் பக்கம் இறங்கலாம் என்பது என் எண்ணம். மட்டக்களப்பில் மூழ்கிக் கிடக்கும் விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்க வேண்டும் என்பது அண்ணாவின் ஆசை. மச்சான் ஒருவர் "மாலைதீவுக்குப் போங்கோ, இங்க என்ன கிடக்கு" என்கிறார். அம்மா ஒரேயடியாக மறுக்கிறா: "கடலட்டை பிடிக்கப் போன பெடியனுக்குக் கால் ரண்டும் விளங்காமல் போனதை மறந்திட்டியளோ?" கடைசி இரண்டு நாளும் நுவரெலியாவில் தங்கி, அங்கிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் போவதாகத் திட்டம். எங்கே போகலாம், எவ்வளவு ஆழம் போகலாம், எதைக் கவனிக்க வேண்டும்?

ச., கொக்குவில்

*

அன்புள்ள ச.,

முதலில் காற்றைப் பார்ப்போம். எங்கள் கடலில் இடத்தைத் தீர்மானிப்பது மாதம்தான். ஓகஸ்டில் தென்மேற்குக் காற்றான சோளகம் விடாமல் வீசும். குறிகாட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகே ஆடும் காலம் அது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றரும் வராத ஆழம். காற்று கிளப்பும் அலை அடிவரை போய்ச் சேற்றையும் மணலையும் கலக்கிவிடும். நீட்டிய கை தெரியாத கலங்கலில் முதன்முறையாகச் சிலிண்டர் கட்டி இறங்குவது ஆபத்து. அத்தோடு, அறுந்துபோன வலைகள் கற்களில் சிக்கிக் கிடக்கின்றன. தெளிந்த நீரில் அவற்றைக் கண்டு விலகலாம். கலங்கலில் வலை சிலிண்டரின் வால்வில் மாட்டிய பிறகுதான் தெரியும். அதே சோளகம் கிழக்குக் கரைக்குத் தரையைக் கடந்து வருவதால், திருகோணமலைக் கடல் அப்போது அடங்கிக் கிடக்கும். ஆகவே ஓகஸ்டில் போக வேண்டிய இடம் திருகோணமலைக்கு அருகே உள்ள நிலாவெளி.

இதனால் எங்கள் தீவுகளில் பார்க்க ஒன்றும் இல்லை என்று எண்ண வேண்டாம். குடாநாட்டின் முருகைக்கற் (பவளப்) பாறைகள் பற்றி 2021 இல் வெளியான ஆய்வு, இலங்கையில் முன்பு பதிவாகாத 36 முருகை இனங்களை மரபணு ஒப்பீட்டின் மூலம் உறுதிசெய்தது. நெடுந்தீவின் மதில்களில் அடுக்கியிருப்பதும் முருகைக்கல்தான். கலங்கல் நீருக்குப் பழகிய, உருண்டு திரண்ட, தேன்கூடு போல முகம் கொண்ட வகைகளை எங்கள் பக்கம் அதிகம் காணலாம். அவற்றுக்கு இடையே ஒரா மீன் கூட்டமாகப் பாசி மேயும், கணவாய் நிறம் மாற்றும், கல் இடுக்கில் அஞ்சாளை மீன் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். சாதாழை என்று கரையில் அள்ளி எருவாகப் போட்ட கடற்புல், நீருக்கடியில் வயல் போல நிற்கும். கடற்பசு உண்பது அந்தப் புல்லைத்தான். அதற்காகவே தமிழ்நாடு 2022 இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இதையெல்லாம் பார்க்கச் சிலிண்டர் தேவையில்லை. முகக் கண்ணாடி, மூச்சுக் குழாய், துடுப்புக் காலணி போதும். பங்குனி, சித்திரையில் காற்று விழுந்து கடல் கண்ணாடியாகும் காலைகளில், அந்தந்தத் தீவின் கடற்றொழிலாளர் ஒருவரோடு, சிவப்பு மிதவை ஒன்றைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு இறங்குங்கள். மிதவை உங்களுக்காக அல்ல, வெளியிணைப்பு எஞ்சின் படகோட்டிகள் உங்களைக் காண்பதற்காக.

ஆழம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆழம் கூடினால் காட்சியும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. முருகை உயிரியின் தசைக்குள் நுண்பாசி வாழ்கிறது. வெளிச்சத்தில் அது ஆக்கும் உணவில்தான் முருகை வளர்கிறது. ஆகவே வெளிச்சம் உள்ள மேல்மட்டத்தில்தான் முருகை அடர்ந்து நிற்கும், மீனும் அங்கேதான் கூடும். நிறமும் அப்படியே. முதல் பத்து மீற்றருக்குள் சிவப்பு மங்கிவிடும். இருபதில் எல்லாமே நீலச் சாம்பல். காற்றுக் கணக்கையும் பாருங்கள். வழமையான அலுமினியச் சிலிண்டர் ஏறத்தாழ 11 லீற்றர் கொள்ளும். 200 பாருக்கு நிரப்பினால் 2200 லீற்றர் காற்று. (முத்துக் குளித்தவர்கள் பார் என்றது கடலடிக் கல்மேட்டை. இங்கே அது அமுக்க அலகு.) 50 பாரைக் கையிருப்பாக விட்டால் செலவிடக் கூடியது 1650 லீற்றர். பதறாத ஒருவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுப்பார். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் அமுக்கம் ஒரு வளிமண்டலம் கூடுவதால், 10 மீற்றரில் அது 40 லீற்றர் ஆகும், 41 நிமிடம் கிடைக்கும். 18 மீற்றரில் 56 லீற்றர், 29 நிமிடம். புதியவர்கள் பதற்றத்தில் இதைவிட வேகமாகக் காற்றை முடிப்பார்கள்.

இந்தக் கணக்கை அண்ணாவின் கப்பலுக்குப் போட்டுப் பாருங்கள். ஹேர்மிஸ் என்ற அந்த விமானந்தாங்கி 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. கிடப்பது ஏறத்தாழ 53 மீற்றரில். அங்கே மூச்சு நிமிடத்துக்கு 126 லீற்றர். ஒரு சிலிண்டர் 13 நிமிடம், அதுவும் இறங்கும் ஏறும் நேரத்தைச் சேர்க்காமல். பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40 மீற்றர். தொடக்கச் சான்றிதழுக்கு 18. ஐம்பதில் நைதரசன் மதுபோல மூளையை மந்தமாக்கும், ஏறும் வழியில் கட்டாயமாகப் பல இடங்களில் தரித்து நிற்க வேண்டும். பல ஆண்டுப் பயிற்சி உள்ளவர்களுக்கான இடம் அது. முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்த இடம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நிலாவெளிக்கு வருவோம். கரையில் இருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் இருக்கிறது புறாத்தீவு. மாடப்புறாக்கள் கூடுகட்டும் பாறைகளால் வந்த பெயர். 2003 இல் தேசிய பூங்காவானது. 1998 இல் கடல் சூடாகி முருகைகள் வெளிறியபோது ஹிக்கடுவையும் கற்பிட்டியின் பார் ரீஃபும் பெருமளவு அழிந்தன. திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. கிளைவிட்ட மான்கொம்பு முருகை இடுப்பளவு நீரிலேயே தொடங்குவது அதனால்தான். துயரமும் அங்கேதான். களைத்தவர்கள் அதன்மேல் ஏறி நிற்கிறார்கள். ஒரு கிளை மெதுவாகத்தான் வளரும். ஒரு மிதியில் பல ஆண்டு வளர்ச்சி நொருங்கிப் போகிறது. மருமகனுக்கு வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்: களைத்தால் மல்லாந்து மித, காலை ஊன்றாதே.

அங்கே காலையில் நேரத்தோடு போனால் கறுப்பு நுனிச் சுறாக்களை ஆழமற்ற நீரிலேயே காணலாம். ஒன்றரை மீற்றர் அளவில், மனிதரைக் கண்டால் விலகும் இனம். துரத்தாமல் ஓரிடத்தில் அசையாமல் மிதந்தால் மறுபடி சுற்றி வரும். கிளிமீன் முருகைக்கல்லைக் கொறிக்கும் சத்தம் காதில் விழும். அது கழிக்கும் துகள்தான் வெண்மணலில் ஒரு பங்கு. அழுங்காமையின் கூரிய அலகு இடுக்கில் உள்ள கடற்பஞ்சைக் கிழிப்பதற்காக அமைந்தது. ஆமை மேலே போனால் வழிவிடுங்கள், அது மூச்சுக்குப் போகிறது. அஞ்ச வேண்டியது சுறாவுக்கு அல்ல, முட்டையைக் காக்கும் பெரிய கிளாத்தி மீனுக்கு. மணலில் குழி பறித்துக் கூடுவைக்கும், நேரே வந்து கடிக்கும். அது தனக்கென்று கொள்ளும் இடம் கூட்டுக்கு மேலே கூம்புபோல விரியும். ஆகவே மேலே ஏறித் தப்ப முயலாமல் பக்கவாட்டில் விலகுங்கள், துடுப்பை அதன் பக்கம் வைத்துக்கொண்டு.

சிலிண்டரோடு இறங்கும் இடங்கள் புறாத்தீவைச் சுற்றியும் நகரப் பக்கத்துக் கருங்கற் பாறைகளிலும் உள்ளன. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் அடிவாரம் அவற்றில் ஒன்று. போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் 1956 இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் அங்கே கண்டார்கள். பாறையில் மோதித் திரும்பும் அலை அங்கு இழுக்கும். முதல் இறக்கத்துக்கு வேண்டாம், நான்காவது ஐந்தாவதாக வையுங்கள்.

மாலைதீவு அருமையான கடல், மறுக்கவில்லை. ஆனால் அங்கே யூன் முதல் நவம்பர் வரை ஆனைத்திருக்கைகள் கூட்டமாக வந்து மேயும் ஹனிபாரு குடாவில் சிலிண்டரோடு இறங்கத் தடை. மூச்சுக் குழாயோடு மேலே மிதந்துதான் பார்க்கலாம். மச்சானிடம் சொல்லுங்கள்.

இப்போது அம்மாவின் பயம். அது நியாயமானது. காரணத்தை விளக்கினால் அவவே ஒத்துக்கொள்ளுவா. ஆழத்தில் சுவாசிக்கும்போது நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்துச் சேரும். மெதுவாக ஏறினால் மூச்சு வழியே வெளியேறும். விரைந்து ஏறினால் உடலுக்குள்ளேயே குமிழியாகும். அந்தக் குமிழி முள்ளந்தண்டைத் தாக்கினால் கால் விளங்காமல் போகும். கரையோரத்து அட்டை குறையக் குறைய அட்டைக்குப் போகிறவர்கள் ஆழம் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் சிலிண்டருக்கு மேல் சிலிண்டர், இடையில் ஓய்வு இல்லை, பையை நிரப்பிக்கொண்டு நேரே மேலே. வலி வந்தால் மறுபடி இறங்கினால் தீரும் என்று நம்பி இறங்குகிறார்கள், அது காயத்தைக் கூட்டுகிறது. பிழை அவர்களின் துணிச்சலில் இல்லை. முறையான பயிற்சியும் ஆழமானிக் கணினியும் இல்லாமல் பிழைப்புக்காக இறங்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு நாளில் இரண்டு இறக்கம், ஆழமானதை முதலில். நிமிடத்துக்கு 9 மீற்றரைத் தாண்டாமல் ஏறுங்கள். 5 மீற்றரில் 3 நிமிடம் தரியுங்கள். எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதீர்கள், இரண்டு மீற்றர் ஆழத்தில் இருந்து ஏறும்போதுகூட அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கலாம். ஏறிய சில மணி நேரத்தில் தோள்மூட்டு வலி, விறைப்பு, கால் சோர்வு, சலம் போகாமை வந்தால் "களைப்பு" என்று படுத்துவிடாதீர்கள். படுக்கவைத்துத் தூய ஒக்சிசன் கொடுத்து, மீளமுக்க அறை (உயர் அமுக்கத்தில் வைத்துக் குமிழியைக் கரைக்கும் அறை) உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பணம் கட்டுமுன் நிலையத்தில் கேளுங்கள்: படகில் ஒக்சிசன் இருக்கிறதா, அந்த அறை எங்கே? தயங்கினால் வேறு நிலையம் பாருங்கள்.

காதுவலியில்தான் பெரும்பாலான முதல் இறக்கங்கள் முடிந்துபோகின்றன. காதுக்குள் உள்ள காற்று மிக வேகமாகச் சுருங்குவது முதல் சில மீற்றரில். வலிக்கும்வரை காத்திராமல், தலை நீரில் புகுந்ததுமே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள், அரை மீற்றருக்கு ஒருமுறை. வலித்தால் ஒரு மீற்றர் ஏறி மறுபடி. தடிமன் (சளி) இருந்தால் அன்று இறங்கவே வேண்டாம். மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடியும் உதவாது, அமுக்கம் கண்ணை உறிஞ்சும். புது முகக் கண்ணாடியின் உட்புறத்தில் ஆலைப் படலம் இருக்கும், பற்பசை தேய்த்துக் கழுவாவிட்டால் ஆவி படிந்து மங்கும். மீசை உள்ளவர்கள் மூக்கின் கீழே ஒரு சிறு கோடு மழித்தால் நீர் கசியாது.

சிலிண்டரைத் திறந்து, அமுக்கமானியைப் பார்த்தபடி நாலு மூச்சு இழுங்கள். முள் ஆடினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. காற்றில் எண்ணெய் அல்லது புகை மணம் இருந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயத்தைத் தேவைக்கு மேல் கட்டினால் கால் தாழும், துடுப்பு முருகையில் அடிக்கும். குறைத்துக் கட்டினால் வேறு சிக்கல்: செலவான 1650 லீற்றர் காற்றின் நிறை ஏறத்தாழ 2 கிலோ. கடைசியில் அவ்வளவு இலேசாகி, 5 மீற்றரில் தரிக்க முடியாமல் மேலே மிதந்துவிடுவீர்கள். ஆகவே 50 பார் மிஞ்சிய சிலிண்டரோடு மேற்பரப்பில் சோதியுங்கள். மிதக்கக் காற்றடைக்கும் சட்டையில் காற்றில்லாமல், சாதாரண மூச்சில், கண்மட்டத்துக்கு நீர் நின்றால் நிறை சரி.

மருமகனுக்கு வயது தடையில்லை, 10 வயதில் இருந்தே கற்கலாம். பாடத்தையும் தடாகப் பயிற்சியையும் அவன் கனடாவிலேயே முடித்து, சான்றுக் கடிதத்தோடு வந்தால் இங்கே நான்கு கடல் இறக்கங்கள் மட்டும் மிஞ்சும், இரண்டு நாள் போதும். உங்களுக்கு மூன்று நான்கு நாள். நிற்காமல் 200 மீற்றர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் கேட்பார்கள். அதைக் கேணியில் இப்போதே பழகுங்கள். ஆனால் வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முக்குளிப்பதை மட்டும் விடுங்கள், சொல்லாமல் மயக்கம் வரும். உடல்நலப் படிவத்தை முன்பே கேட்டு வாங்குங்கள். ஆஸ்துமா, காது, இதயம் பற்றிய கேள்விகளில் ஒன்றுக்கேனும் "ஆம்" என்றால் வைத்தியரின் ஒப்பம் வேண்டும். அங்கே போய்த் தேடினால் ஒரு நாள் வீணாகும்.

பயண ஒழுங்கில் ஒரு மாற்றம் அவசியம். பல இறக்கங்களுக்குப் பிறகு விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், உடலுக்கு அதுவும் விமானத்துக்குச் சமமான ஏற்றம்தான். நிலாவெளியை லீவின் முதல் பாதியில் வையுங்கள். கடைசி இறக்கத்தைக் காலை 11 மணிக்குள் முடித்து, அன்றிரவு திருகோணமலையிலேயே தங்கி, மறுநாள் காலை புறப்பட்டால் மலையேறும்போது 18 மணி தாராளமாகக் கடந்திருக்கும்.